நாற்பது பக்க நோட்டு

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, டெய்லராகி, இப்போது தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பழைய வட ஆற்காட்டில் எத்தனையோ வீடுகளுக்குத் தோல்தான் சோறு போடுகிறது. எங்கள் லைனில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஆனால் நான் சூப்பர்வைசர் ஆனபோது, காலைக் கூட்டத்துக்குப் போகும் பெண் நான் ஒருத்திதான்.

முதல் சில மாதம் நான் பேசியது யார் காதிலும் ஏறவில்லை. திங்கட்கிழமை நான் சொன்ன நூல் பிரச்சினையை வியாழக்கிழமை பக்கத்து லைன் அண்ணன் சொன்னார். உடனே ஸ்டோருக்கு போன் போனது. எங்கள் லைனில் ஊசி அடிக்கடி உடைந்து டார்கெட் குறைந்தபோது, "லேடீஸ் பேசிக்கிட்டே தைக்கிறாங்க, நீங்க கண்டிப்பா இருங்கம்மா" என்றார் மேனேஜர். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லைனில் மூத்த டெய்லர் அக்கா ஒருவர்தான் வழி சொன்னார். "கத்தாத பாப்பா. எத்தினி மணிக்கு உடைஞ்சது, எந்த பீஸ்ல உடைஞ்சதுன்னு எழுதி வை. எழுதி வெச்சத எவனும் பொம்பளப் பேச்சுன்னு தள்ள முடியாது."

ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். மணிக்கு ஒரு தடவை குறித்தேன். இரண்டாவது வாரத்தில் பக்கங்களைப் புரட்டியபோது விஷயம் தெளிவாகத் தெரிந்தது. உடைந்த ஊசியில் பெரும்பாலும் ஒரே இடத்தில், மடித்த ஓரங்கள் இரண்டு ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தில் உடைந்திருந்தது. மடிப்பதற்கு முன் தோலின் ஓரத்தை ஸ்கைவிங் மிஷினில் மெல்லியதாகச் சீவ வேண்டும். அதன் கத்தி மழுங்கிவிட்டால் ஓரம் ஓரிடத்தில் மெலிசாகவும் ஓரிடத்தில் தடிப்பாகவும் வரும். அந்தத் தடிப்பில் போய்த்தான் ஊசி முட்டுகிறது. மறுநாள் கூட்டத்துக்கு நோட்டோடு ஐந்து பீஸையும் எடுத்துப் போய், "தொட்டுப் பாருங்க சார்" என்று மேசையில் வைத்தேன். விரலால் நெருடிப் பார்த்தார். அன்றே கத்தி தீட்டப்பட்டது. அதற்கப்புறம் ஊசி கேட்டு ஸ்டோருக்கு ஓடுவது வெகுவாகக் குறைந்தது. லைன் பெண்கள் பேசிக்கொண்டேதான் தைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அவசர ஆர்டரில், புதிதாக வந்த பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். அடுத்த இரண்டு நாள் அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. மூன்றாம் நாள் வந்ததும் அவள் மிஷினுக்கே போய், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அப்படிக் கேட்டால் மரியாதை போய்விடும் என்றார்கள். எனக்குப் போகவில்லை. அதற்கப்புறம்தான் தவறாகத் தைத்த பீஸை ஒளித்து வைக்காமல் என்னிடம் நேராகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

அப்புறம் புகார்க் குழு. ஒரு நாள் ஆபீஸில் கூப்பிட்டு, "நீங்கதான் தலைவர், சும்மா பேருக்குத்தான், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். படித்துவிட்டுப் போடுகிறேன் என்று காகிதத்தை வீட்டுக்கு வாங்கி வந்தேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லையை விசாரிக்கக் குழு வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தலைமை மூத்த பெண் ஊழியருக்கு, பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எங்கள் பெண்கள் யாருக்கும் இது தெரியாது. நோட்டீஸ் ஒட்டியிருந்ததே மேனேஜர் அறைக்குள். அதைப் பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில், போன் நம்பரோடு பெரிய எழுத்தில் ஒட்டினால்தான் கையெழுத்து என்றேன். ஒரு வாரம் இழுத்தார்கள். ஒட்டினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு நான் திட்டிய அதே பெண்தான் இப்போது நோட்டு எழுதுகிறாள். போன மாதம் அவளையும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாள் ஏன் ஷூ ஜோடி குறைந்தது என்று மேனேஜர் கேட்டதும் அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டை அவள் பக்கம் தள்ளினேன். எழுந்து நின்று, 11 மணியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.