சிறுநீரகக் கட்டி: மெய்நிகர் (வீ.ஆர்.) ஒத்திகைக்கான மாதிரி படிக்கட்டாக வருகிறது

வெள்ளவத்தை_யூரோ:
பகுதிச் சிறுநீரக நீக்கத்துக்கு முன் கட்டியையும் நாடிகளையும் வீ.ஆரில் பார்க்க, சி.ரி. படங்களை த்ரீடி ஸ்லைசர் என்ற முப்பரிமாண மாதிரி மென்பொருளில் ஏற்றினோம். மேற்பரப்பு படிக்கட்டாக வருகிறது. கட்டிக்குப் போகும் சிறிய நாடியைக் காணவில்லை. குவெஸ்ட் 3 வீ.ஆர். ஹெட்செட்டைப் போட்டால் தலை சுற்றுகிறது. ஹெட்செட்டை மாற்றவேண்டுமா?

கதிர்ப்படம்:
ஹெட்செட்டை விடுங்கோ டொக்டர். சீடியில் தருவது பெரும்பாலும் 5 மி.மீ. வெட்டுகள்; படிக்கட்டு அதனால்தான். 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய தொடர் வேண்டும். அது பல இடங்களில் பாக்ஸுக்கே (ஆஸ்பத்திரியின் படக் களஞ்சியம்) போவதில்லை, ஸ்கான் மெசினின் கொன்சோலில் கொஞ்ச நாள் கிடந்து அழிந்துவிடும். ஸ்கான் எடுக்கும் அன்றே ரேடியோகிராபரிடம் சொல்லிவையுங்கோ.

நிறமூட்டி மருந்து ஏற்றிய பின், நாடிக்கு 25–30 வினாடியில் எடுக்கும் கட்டம், கட்டிக்கு 90–100. ஒவ்வொரு கட்டத்திலும் மூச்சு வேறு, சிறுநீரகம் மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கும். இரண்டு கட்டப் படங்களையும் முழு வயிற்றையும் வைத்துப் பொருத்தினால் முள்ளந்தண்டு பொருந்தும், சிறுநீரகம் பொருந்தாது. அதைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பொருத்துங்கோ. இல்லாவிட்டால் கட்டிக்கும் நாடிக்கும் நடுவே இல்லாத இடைவெளி தெரியும்.

ஸ்லைசர்_பாவனையாளர்:
நாடியைத் தின்றது ஸ்மூதிங்காக (மேற்பரப்பை மழுப்பும் வசதி) இருக்கலாம். அதில் மீடியன் முறை 3 மி.மீ.யில் இருந்தால் 2 மி.மீ. நாடி கரைந்துவிடும். நாடிகளைத் தனி செக்மென்டாக (குறித்துப் பிரித்த பகுதி) வைத்து, அதில் ஸ்மூதிங்கைத் தொடாதீர்கள். பிரதான நாடியைத் தவிர மேலதிகமான துணைச் சிறுநீரக நாடி ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு உண்டு. அது மாதிரியில் விடுபட்டால், பிரதான நாடிக்குக் கிளாம்ப் போட்ட பிறகும் வெட்டுமுகத்தில் குருதி வரும்.

தலைசுற்றல் பிரேம் வேகம் (வினாடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கை) விழுவதால். சி.ரி. தரவு முழுவதையும் நேரடியாக வரையும் வொலியூம் ரெண்டரிங்கை நிறுத்தி மேற்பரப்பு மாதிரிகளை மட்டும் காட்டுங்கள். எலும்பு, தோல் மேற்பரப்புகளை ஆக்கும் முக்கோணங்களைத் தாராளமாகக் குறைக்கலாம்.

வெள்ளவத்தை_யூரோ:
நன்றி. பிறகு மாதிரியை யூனிட்டி என்ற வீ.ஆர்., கேம் உருவாக்கும் மென்பொருளுக்குக் கொண்டுபோக யோசனை.

ஸ்லைசர்_பாவனையாளர்:
அங்கேதான் கவனம். ஸ்லைசர் வலக்கை ஆள்கூறு, யூனிட்டி இடக்கை; அதாவது அச்சுகளின் திசை ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம்போல மாறியிருக்கும். மாற்றாமல் ஏற்றினால் இடது சிறுநீரகம் வலதாகிவிடும். சிறுநீரகத்தை மட்டும் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க ஏலாது. ஈரலையும் முள்ளந்தண்டையும் சேர்த்தே ஏற்றுங்கள், ஈரல் பக்கம் மாறியிருந்தால் உடனே பிடிபடும். அளவையும் 0.001 ஆக்குங்கள், இல்லாவிட்டால் 1 மி.மீ. 1 மீற்றராகும்.

கதிர்ப்படம்:
இன்னொன்று. ஸ்கான் மல்லாந்த நிலையில், உங்கள் சத்திரசிகிச்சை பக்கவாட்டில். கொழுப்பை விலக்கியதும் சிறுநீரகம் சுழலும். நாடிக் கிளைகளையும் கட்டியின் ஆழத்தையும் நம்பலாம். போர்ட் (கருவிகளை உள்ளே விடும் துளை) வைக்கும் கோணத்தை இந்த மாதிரியில் முடிவு செய்யாதீர்கள். வேறு கணினிக்கு மாற்றமுன் டைகொம் கோப்புகளில் (ஸ்கான் படங்களின் மூலக் கோப்புகள்) நோயாளி பெயரையும் இலக்கத்தையும் நீக்குங்கோ. கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் உள்ளே இருப்பது போகாது.