எஃப்-150 மேல 1,890 பவுண்டு கேம்பர் வைக்கலாமா? ஏர்பேக் போட்டா போதும்னு விக்கிறவர் சொல்றார்

அரோராவாசி:
வணக்கம் மக்களே. டென்வர் பக்கத்துல அரோராவுல இருக்கோம். வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், நாலு கதவு, பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி, அதாவது பெட், அஞ்சரை அடி. ரெண்டு வருஷமா டென்ட்லயே போயிட்டு இருந்தோம், வீட்டம்மா இனிமே தரையில படுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, அதனால பெட் மேல தூக்கி வைக்கிற ஸ்லைடு-இன் கேம்பர் பழசு ஒண்ணு பார்த்தோம். உள்ள கட்டில், அடுப்பு, சின்ன பாத்ரூம் எல்லாம் இருக்கு, பிள்ளைங்க பார்த்ததும் மேல ஏறிப் படுத்துக்கிட்டு இறங்கவே மாட்டேங்குதுங்க. பிரவுச்சர்ல வெயிட் 1,890 பவுண்டுன்னு போட்டிருக்கு. என் வண்டிக் கதவுல ஒட்டியிருக்கிற மஞ்சள் லேபிள்ல 1,485ன்னு இருக்கு. விக்கிறவர்கிட்ட கேட்டேன், அது கம்பெனிக்காரன் கோர்ட் கேஸுக்கு பயந்து குறைச்சுப் போடுறது, பின்னாடி ஸ்பிரிங்கோட காத்தடைக்கிற பை, அதான் ஏர்பேக், போட்டுட்டா வண்டி தாழாது, ஹாஃப்-டன்ல, அதாவது எஃப்-150 மாதிரி சின்ன ரக பிக்கப்ல, எல்லாரும் இப்படித்தான் போறாங்கங்கறார். ஜூன்ல ஐ-70 ஹைவே புடிச்சு யூட்டாவுல இருக்கிற மோவாப் போறதா பிளான். நாங்க பெரியவங்க ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, 400 பவுண்டு கூடுதல்தானே, சமாளிக்கலாமா?

லாரிக்காரன்மகன்:
வேண்டாங்க. 400 இல்லைங்க கூடுதல், கணக்கு போட்டா பயந்துருவீங்க.

அந்த 1,485ங்கறது வண்டியில ஏறுற ஆளுங்களும் சாமானும் சேர்த்துங்க, டிரைவரும் அதுல அடக்கம். உங்க நாலு பேரையும் 400னு வைங்க, மிச்சம் 1,085. இப்ப கேம்பருக்கு வாங்க. 1,890ங்கறது தண்ணி இல்லாம கேஸ் இல்லாம காலி டப்பா வெயிட்டு. ஒரு காலன் தண்ணி 8.34 பவுண்டு, 30 காலன் டேங்க் நிரப்பினா 250. இருபது பவுண்டு கேஸ் சிலிண்டர்னு பேரு, ஆனா இரும்போட சேர்த்தா ஒண்ணு 37 வரும், ரெண்டுக்கு 75. பேட்டரி 60. மேல ஏசி இருந்தா அது ஒரு 90, அது பெரும்பாலும் பிரவுச்சர் கணக்குல சேராது. துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு, நாற்காலி, பிள்ளைங்க சைக்கிள்னு 250க்கு குறையாது. கூட்டிப் பாருங்க, கேம்பர் மட்டும் 2,615. ஆளுங்களோட 3,015. லேபிள் சொல்றதுக்கு ரெண்டு மடங்கு.

இன்னொண்ணு, கேம்பரோட பின்பக்கம் வெளியில ஒரு லேபிள் இருக்கும், தண்ணியும் கேஸும் நிரப்பினா எவ்வளவுன்னு அதுல போட்டிருக்கணும்னு அமெரிக்காவுல ஃபெடரல் விதியே இருக்கு. பிரவுச்சரை விட்டுட்டு அதைப் பாருங்க.

எங்கப்பா நாமக்கல்ல லாரி வெச்சிருந்தாருங்க. லோடு ஏத்தும்போது எத்தனை டன்னுங்கறதை விட எங்க வைக்கிறாங்கன்னுதான் அவரு நின்னு பார்ப்பாரு. மாட்டு வண்டியில முன்பாரம் பின்பாரம் சொல்லுவாங்களே அதேதான். பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேல தூக்கும், மாட்டுக்கு இழுக்க புடிமானம் இருக்காது. பிக்கப்ல நுகத்தடி இருக்கிற இடத்துல உங்க முன் சக்கரம் இருக்கு, ஸ்டியரிங் இருக்கு. கேம்பரோட பாரம் நடுவா நிக்கிற புள்ளி பின் அச்சுக்கு முன்னாடி விழணும். நிறைய கேம்பர்ல பக்கவாட்டுல அந்த இடத்துக்கு ஒரு குறி ஒட்டியிருப்பாங்க. அஞ்சரை அடி பெட்ல நீளமான கேம்பரை வெச்சா அந்தக் குறி அச்சைத் தாண்டிப் பின்னாடி போயிரும், டெயில்கேட்டைக் கழட்டினாலும் அது மாறாது.

ஆரிகன்காத்து:
மேல சொன்னது அத்தனையும் எங்களுக்கு நடந்துச்சு. நாங்க போர்ட்லாந்துல இருக்கோம். நாலு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஹாஃப்-டன் வண்டி, கேம்பர் வெயிட் எல்லாம் நிரப்பி 2,000 பவுண்டு, வித்தவங்க தாராளமா தாங்கும்னாங்க. முதல் டிரிப்லயே ஐ-84ல கொலம்பியா கார்ஜ் உள்ள போனோம், ஹூட் ரிவர் தாண்டினா அங்க காத்து எப்பவுமே பலமா அடிக்கும். என் கையில ஸ்டியரிங், திடீர்னு அது இலேசாயிடுச்சு. திருப்புறேன், வண்டி அரை செகண்ட் கழிச்சுத்தான் கேக்குது, அதுக்குள்ள பக்கத்துல ஒரு பெரிய லாரி போச்சு, அதோட காத்துல வண்டி மேல இருந்த டப்பா ஒரு பக்கமா சாஞ்சு திரும்ப நிமிர்ந்துச்சு, பின் சீட்ல இருந்த என் பொண்ணு அம்மான்னு கத்தினது இன்னும் காதுல இருக்கு. 40 மைல் வேகத்துல ஓரமாவே உருட்டிக்கிட்டு அடுத்த டிரக் ஸ்டாப்புக்குப் போனோம். இறங்கிப் பார்த்தா பின் டயர் ரெண்டும் தரையில படுற இடத்துல பிதுங்கி நிக்குது.

அங்கேயே கேட் (CAT) ஸ்கேல்னு லாரி எடை போடுற மேடை இருந்துச்சு. முன் சக்கரம் ஒரு தட்டுல, பின் சக்கரம் அடுத்த தட்டுல நிக்கிற மாதிரி ஏத்தணும், பட்டனை அழுத்தினா உள்ள இருந்து பேசுவாங்க, ஒரு சீட்டு குடுப்பாங்க. அந்த சீட்டை இன்னும் வெச்சிருக்கேன். முன் அச்சு 3,020, பின் அச்சு 4,460, மொத்தம் 7,480. கதவுல போட்டிருந்த மொத்த வரம்பு 7,050, பின் அச்சு வரம்பு 3,800. மொத்தத்துல 430தான் கூட, ஆனா பின் அச்சுல மட்டும் 660 கூட. வீட்டுக்கு வந்து கேம்பரை இறக்கிட்டு அதே ஆளுங்களோட திரும்ப எடை போட்டோம், முன் 3,180, பின் 2,300. பாருங்க, 2,000 ஏத்தினதுல பின்னாடி 2,160 ஏறியிருக்கு, முன்னாடி 160 குறைஞ்சிருக்கு. கேம்பரோட நடுப்பாரம் அச்சுக்கு ஒரு அடி பின்னாடி விழுந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். அந்த 160தான் என் கையில ஸ்டியரிங்கை இலேசாக்கினது.

இப்ப ஒன்-டன்னு சொல்ற பெரிய ரக பிக்கப், கதவு லேபிள்ல 3,900. அதே கேம்பர்தான், அதே ரோடுதான், ஒரு கையால ஓட்டலாம்.

நெடுஞ்சாலை:
கொஞ்சம் அதிகமா பயமுறுத்துறீங்கன்னு தோணுது. நான் டெக்ஸாஸ்ல மூணு வருஷமா ஹாஃப்-டன்ல 1,700 பவுண்டு கேம்பர் கொண்டு போறேன். ஏர்பேக் போட்டேன், பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க பின்னாடி ஸ்வே பார் போட்டேன், டயரை அதிக பாரம் தாங்குற எல்டி லோட் ரேஞ்ச் ஈ ரகமா ஆக்கினேன், ஒரு டயர் 80 பிஎஸ்ஐல 3,415 பவுண்டு தாங்கும், ரெண்டு டயருக்கு 6,830 ஆச்சு. வண்டி தாழவே இல்ல, ஆட்டமும் இல்ல. நிதானமா ஓட்டினா ஒண்ணும் ஆகாது ப்ரோ.

லாரிக்காரன்மகன்:
நண்பா, நீங்க போட்டதெல்லாம் நல்ல சாமான்தான், வரம்புக்குள்ள இருக்கிற வண்டிக்கே நான் போடச் சொல்லுவேன். ஆனா டயர் 6,830 தாங்கினா போதுமா, அச்சு தாங்கணும், பேரிங் தாங்கணும், பிரேக் நிறுத்தணும். ஏர்பேக் பின்னாடி தாழ்ந்ததைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். அதே பாரம் அதே அச்சு மேலதான் உக்காந்திருக்கு, கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. தாழ்ந்து நிக்கிற வண்டியாவது ஓட்டுறவனுக்கு ஒரு எச்சரிக்கை, நிமிர்ந்து நிக்கிறது அதையும் மறைச்சிருது. எந்த ஏர்பேக்கும் கதவுல இருக்கிற நம்பரை மாத்தாதுங்க.

இவரு போற ரோட்டையும் பாருங்க. ஐ-70ல ஐசன்ஹவர் டனல் 11,000 அடிக்கு மேல, அதைத் தாண்டினதும் சில்வர்த்தோர்ன் வரைக்கும் ஒரே இறக்கம், பிரேக் போன லாரி ஏறி நிக்கிறதுக்குன்னே மணல்மேடு மாதிரி ராம்ப் போட்டு வெச்சிருக்காங்க. அங்க 1,500 பவுண்டு கூடுதலோட பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா, கருகின வாசனை வரும்போதே பாதி பிடிமானம் போயிருக்கும். எந்த வண்டியா இருந்தாலும் பாரம் ஏத்தினப்ப போடுற டோ-ஹால் மோட் போட்டு கீழ் கியர்ல இறங்குங்க.

ஆரிகன்காத்து:
இன்னொண்ணு விட்டுப்போச்சு. கட்டுறது. 2015ல இருந்து எஃப்-150 பெட் அலுமினியம், அதனால கேம்பரை வண்டியோட இழுத்துக் கட்டுற டை-டவுன்ல பெட் சுவர்ல மாட்டுறதை நம்ப வேண்டாம் தம்பி, சேஸிஸ்ல போல்ட் போட்டு வர்றதா வாங்குங்க. கேம்பருக்கு அடியில கெட்டி ரப்பர் பாய் கண்டிப்பா வேணும், பிளாஸ்டிக் லைனர் மேல அப்படியே வெச்சா வழுக்கும். கிளம்பி 30 மைல்ல ஒரு தடவை நிறுத்தி கட்டை முறுக்கி இறுக்குற டர்ன்பக்கிள் எல்லாம் கையால ஆட்டிப் பாருங்க, முதல் தடவை கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

அரோராவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை குடும்பத்தோட ஃபுல் டேங்க் போட்டு கேட் ஸ்கேல்ல ஏறினோம். முன் 3,380, பின் 2,610, மொத்தம் 5,990. வண்டி வரம்பு 7,000, ஆக மிச்சம் 1,010தான். லேபிள் கணக்கை விட 75 குறையுது, நான் போட்ட படிக்கட்டும் பெட் கவரும்தான்னு நினைக்கிறேன். அங்கிருந்து நேரா விக்கிறவர் வீட்டுக்குப் போய் கேம்பர் பின்பக்கம் பார்த்தோம், லேபிள் மேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க, ஓரத்தைத் தூக்கிப் படிச்சா 2,240. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டோம். பிள்ளைங்க அழுதுச்சுங்க.

இப்ப கூரையை மேல தூக்கிக்கிற, துணிச்சுவர் வெச்ச பாப்-அப் ஷெல்னு காலிக் கூடு மாதிரி கேம்பர் ஒண்ணு பார்த்திருக்கேன், என் பெட் அளவுக்கே செஞ்சது, பாத்ரூம் கிடையாது, 850 பவுண்டு. தண்ணிக்கு ஆறு காலன் கேன் ஒண்ணு, 50 பவுண்டு. மிச்சம் 110ல சாப்பாடு, துணி, ஒத்தை பர்னர் அடுப்பு. இது ஓகேவா அண்ணா?

லாரிக்காரன்மகன்:
110ல ரப்பர் பாய், டை-டவுன் வெயிட்டையும் கழிச்சுக்குங்க. படிக்கட்டையும் பெட் கவரையும் கழட்டிட்டா அந்த 75 திரும்பக் கிடைக்கும், ஷெல் வந்தா கவருக்கு எப்படியும் வேலை இல்லை. தண்ணி கேனை கேபினை ஒட்டி முன்னாடி வைங்க. பார்க்கப் போறப்ப டேப் எடுத்துட்டுப் போங்க, உங்க பெட்டோட முன் சுவர்ல இருந்து பின் அச்சு நடுவு வரைக்கும் எத்தனை இஞ்சுன்னு முதல்லயே அளந்து எழுதிக்குங்க, அப்புறம் ஷெல்லோட முன்பக்கத்துல இருந்து அந்தக் குறி வரைக்கும் அளங்க. ரெண்டாவது நம்பர் சின்னதா இருந்தா அட்வான்ஸ் குடுங்க.