லைப்ரரில எவ்ளோ நோட்டீஸ் ஒட்டினாலும் யாரும் படிக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்ணலாம்?

கவுண்டர்வாசி:
வணக்கம் மக்களே. நான் ஒரு லைப்ரரில கவுண்டர்ல இருக்கேன். வாசல்லேர்ந்து உள்ள வரைக்கும் 14 நோட்டீஸ் ஒட்டிருக்கோம், ரினியூவல் எப்படி, ரிட்டர்ன் எங்க, டாய்லெட் எந்தப்பக்கம்னு எல்லாமே இருக்கு, ஆனாலும் நாள் முழுக்க அதே கேள்விதான் வந்துட்டே இருக்கு. சர்வே ஃபார்ம் குடுத்தா எல்லாரும் "நல்லா இருக்கு, திருப்தி"ன்னு எழுதிட்டு போறாங்க. திருப்தின்னா அப்புறம் ஏன் கேக்கறீங்க?? இன்னும் பெருசா, செவப்புல போடலாம்னு மேல இருக்கறவர் சொல்றார். யாருக்காச்சும் அனுபவம் இருக்கா?

பழைய நூலகர்:
செவப்பெல்லாம் வேணாம் சார். ஒரு மணி நேரம் கவுண்டர விட்டு எந்திரிச்சு வந்து, வாசகர் வர்ற பக்கம் ஓரமா நில்லுங்க. எங்க தயங்கி நிக்கறாங்க, தலை எந்தப்பக்கம் திரும்புது, யார்கிட்ட போய் கேக்கறாங்கன்னு மட்டும் பாருங்க. கடைகள்ல ஜனங்க நடக்கறத வருஷக்கணக்கா கவனிச்ச பாக்கோ அண்டர்ஹில் ஒண்ணு சொல்லுவார், உள்ள நுழைஞ்ச முதல் சில அடில யார் கண்ணுலயும் எதுவும் படாது, நடை வேகம் குறையணும் கண்ணு பழகணும். நாம என்னடான்னா சரியா அந்த எடத்துலதான் மொத்தத்தையும் ஒட்டி வைப்போம். சர்வேல மரியாதைக்கு எழுதுவாங்க சார், வழி தெரியாம முழிக்கறப்ப மரியாதை பாக்க முடியாதுல்ல.

அப்புறம் வர்ற கேள்விய அவங்க கேட்ட வார்த்தையிலயே ஒரு பேப்பர்ல குறிங்க. பேரு எழுதாதீங்க, யார் எதை தேடறாங்கன்றது அவங்க சொந்த விஷயம்.

எழுத்துக்கிறுக்கு:
அந்த பேப்பர்தான் முக்கியம்ங்க. நாம "குறிப்புதவிப் பிரிவு"ன்னு போர்டு வைப்போம், அவங்க "வீட்டுக்கு குடுக்காத புக்கு எங்க இருக்கு"ன்னு கேப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? அவங்க சொல்றதையே போர்டுல எழுதி, ஒட்டறதுக்கு முன்னாடி 5 பேர்கிட்ட டெஸ்ட் பண்ணுங்க. 5 போதும்னு, வெப்சைட்லாம் ஜனங்களுக்கு எளிமையா இருக்கான்னு ஆராய்ச்சி பண்ற யாக்கோப் நீல்சன் 2000லயே எழுதிட்டார், பெரிய பிரச்சனை பெரும்பாலும் அதுலயே மாட்டிரும், திருத்திட்டு வேற 5 பேர். "பிடிச்சிருக்கா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. "இந்த புக்க ரினியூ பண்ணணும், எங்க போவீங்க"ன்னு கேட்டுட்டு வாயை மூடிட்டு பாருங்க (இதுதான் கஷ்டம் 😄).

ராத்திரி வாசகி:
வாசகர் சைடுலேர்ந்து ஒண்ணு. நோட்புக்கோட ஒருத்தர் முறைச்சுட்டு நின்னா நாங்க நடக்கறதே மாறிடும், அதனால கைல நாலு புக்க வச்சு அடுக்கற மாதிரி நில்லுங்க. இன்னொண்ணு, கேள்வி கேக்கறதெல்லாம் போர்டோட தப்பு இல்ல, சிலர் ரெண்டு வார்த்தை பேசணும்னே வருவாங்க, அவங்கள போர்டு பக்கம் கை காட்டி அனுப்பிடாதீங்க. நம்ம நூலக அறிவியல் மேதை ரங்கநாதன் 1931ல சொன்ன அஞ்சு நூலக விதில நாலாவது வாசகர் நேரத்தை மிச்சப்படுத்துன்னுதான், லைப்ரரியன் நேரத்தைன்னு இல்ல.

கவுண்டர்வாசி:
மூணு பேருக்கும் நன்றி. இன்னிக்கு காலைல நின்னு பாத்தேன். கதவு உள்பக்கமா தொறக்கறது, தொறந்தா நாள் முழுக்க அப்படியேதான் இருக்கும், அதுல ஒட்டின 6 நோட்டீஸும் செவத்த பாத்துட்டு இருக்கு. இத்தன நாளா பூட்டற எங்களுக்கு மட்டும்தான் அது தெரிஞ்சிருக்கு.