கோபால்ட் துகளைச் சின்னதாக்கியும் மீத்தேன்தான் கொட்டுகிறது, ஏன்?

டர்பன்_வேதி:
டர்பனில் முதுகலை ஆய்வு செய்கிறேன். ஃபிஷர்–டிராப்ஷ் வினைக்கு (கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மெழுகு, எரிபொருள் போன்ற ஹைட்ரோகார்பன்களாக்குவது), அலுமினாவின் மேல் கோபால்ட் ஏற்றிய வினையூக்கி. பரப்பு கூடினால் வேகமும் கூடும் என்று துகள்களை 4 நானோமீட்டர் வரை இறக்கினேன். 220 டிகிரி, 20 பார். மெழுகு வர வேண்டிய இடத்தில் மீத்தேன் கொட்டுகிறது, வேகமும் மந்தம். ருத்தேனியம் சேர் என்கிறார் ஒருவர், அலுமினாவை விட்டுச் சிலிக்காவுக்கு மாறு என்கிறார் இன்னொருவர். எதைத் தொடுவது?

செகுண்டா_அண்ணன்:
தம்பி, ரெண்டையும் இப்போது தொடாதே. உன் துகளின் அளவுதான் எனக்குச் சந்தேகம். 2006-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு கார்பன் நாரிழைமேல் கோபால்ட்டைப் பல அளவுகளில் வைத்துப் பார்த்தது. சுமார் 6–8 நானோமீட்டருக்குக் கீழே போகப்போக மேற்பரப்பு அணு ஒவ்வொன்றும் செய்கிற வேலை குறைகிறது, மீத்தேன் பங்கு ஏறுகிறது. போதாததற்கு, சின்னத் துகள் அலுமினாவோடு இறுகிக்கொண்டு முழுசாக உலோகமாக ஒடுங்காது (ஆக்சிஜனை இழந்து உலோகமாவதுதான் ஒடுக்கம்). அதற்குத்தான் துளியூண்டு பிளாட்டினம் சேர்ப்பார்கள், ஹைட்ரஜனைப் பிளந்து ஒடுக்கத்தைக் குறைந்த வெப்பத்திலேயே முடிக்க. நம் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினத்துக்கா பஞ்சம்! 8–10 நானோமீட்டருக்கு ஏற்றி, எவ்வளவு ஒடுங்கியது என்று முதலில் அளந்து பார்.

ஆய்வக_அக்கா:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: வினையூக்கி உருண்டை, அதாவது மணி, எவ்வளவு பெரியது? துளைகளில் மெழுகு நிறைந்துவிட்டால் அதற்குள் ஹைட்ரஜன் வேகமாகப் போய்விடும், கார்பன் மோனாக்சைடு பின்தங்கும், உள்ளே ஹைட்ரஜன் விகிதம் எகிறி மீத்தேனாகத்தான் வரும், இதில் கோபால்ட்டின் மேல் பழி போட்டு என்ன பயன்? அரைத்து, சலித்து, அதே நிலையில் ஓட்டு. மீத்தேன் இறங்கினால் குற்றவாளி துளைதான். வினை கடுமையாக வெப்பம் விடுவது, வினையூக்கி நிரப்பிய படுக்கையில் ஓரிடம் சூடேறினாலும் இதே அறிகுறிதான் வரும், அதனால் வெப்பம் பரவ சிலிக்கன் கார்பைடு கலந்து ஓட்டு.

பீனிக்ஸ்_ராஜா:
அப்படியே இரும்புக்கு மாறினால்? நம் செகுண்டா நிலக்கரி-எரிபொருள் ஆலையில் இரும்பு வினையூக்கிதானே ஓடுகிறது.

செகுண்டா_அண்ணன்:
அங்கே சுமார் 340 டிகிரி, பொட்டாசியம் சேர்த்த உருக்கிய இரும்பு, பெட்ரோலும் ஒலிஃபினும்தான் குறி. இவருக்கு வேண்டியது மெழுகு. அதுவே வேறு ஆட்டம்.

டர்பன்_வேதி:
மணி 2 மில்லிமீட்டர், அக்கா. இன்றைக்கே அரைக்கிறேன்.

ஆய்வக_அக்கா:
2 மில்லிமீட்டரா! 100–200 மைக்ரானுக்குச் சலி. பழைய மணியையும் கொஞ்சம் எடுத்து வை, ஒப்பிட வேண்டுமே.