காலை அறிக்கையை யார் நம்புகிறார்கள்? டெல்டாவிலிருந்து சில அனுபவங்கள்

அரசலாறு | கும்பகோணம், அரிசி ஆலைக் குழுமம்

நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து தினசரி அறிக்கை எடுத்துத் தரும் வேலையில் நம் பகுதியில் பலர் இருக்கிறோம். ஆலை, உரம், பால், மீன் என்று ஆளுக்கொரு தொழில். சர்வர் வாங்குவது, மென்பொருள் நிறுவுவது பற்றியெல்லாம் எங்கும் படித்துக்கொள்ளலாம். மேலாளர்கள் அறிக்கையை நம்பத் தொடங்கியது எதனால், நம்பிக்கை கெட்டது எதனால் என்பதை மட்டும் எழுதுங்கள். முதலில் என் பங்கு.

எங்களுக்குக் கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கங்களில் ஆலைகளும் கிடங்குகளும் உண்டு. எல்லாக் கணக்கும் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றில் ஏறுகிறது; அறிக்கைகள் அதனோடு சேர்ந்த அறிக்கை மென்பொருளான ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் வழியாகப் போகின்றன. நான் பொறுப்பேற்ற காலத்தில் காலைக் கூட்டத்துக்கு நெல் இருப்பு என்று இரண்டு எண்கள் வரும். ஆலை மேலாளர் கையில் ஒன்று, விற்பனைப் பிரிவின் கையில் வேறொன்று. முதலாளி இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிடங்குக் கணக்குப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைப்பார். அவர் நோட்டைப் புரட்டிச் சொல்வதுதான் தீர்ப்பு.

இரண்டு அறிக்கைகளும் நடப்புத் தரவுத்தளத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. ஒன்று எட்டு மணிக்கு, மற்றது எட்டே முக்காலுக்கு. இடையில் லாரிகள் எடைமேடை ஏறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, அறிக்கை ஓடும்போது எடைப்பதிவு தடைபடக் கூடாது என்று யாரோ எல்லா வினவல்களிலும் (தரவைக் கேட்கும் கட்டளைகள்), பூட்டுக்குக் காத்திராமல் படிக்கச் சொல்லும் 'நோலாக்' குறிப்பைத் தூவி வைத்திருந்தார்கள். அது உறுதியாகாத பதிவையும் படித்துவிடும். சில வரிசைகளை இருமுறை எண்ணும், சிலவற்றை விட்டுவிடும். சம்பா அறுவடையில் பதிவுகள் வந்து குவியும்போதுதான் இந்தக் கோளாறு அதிகம். அதாவது, எண் சரியாக இருக்க வேண்டிய நேரத்தில்தான் அது சரியாக இருக்காது.

முதலில் அறிக்கைகளுக்கென்று தனிப் பிரதி வைத்தோம். இரவில் வரத்து ஓய்ந்த பிறகு வேண்டிய அட்டவணைகள் மட்டும் அதில் ஏறும். காலையில் யார் எப்போது திறந்தாலும் அதே எண். ஒவ்வோர் அறிக்கையின் தலையிலும் 'இன்ன தேதி, இன்ன மணி நிலவரம்' என்று இருக்கும். அது தரவு எடுத்த நேரம், அச்சடித்த நேரம் அல்ல. கூட்டத்தில் சண்டை குறைந்ததற்கு அந்த ஒரு வரியே பெரிய காரணம். இந்த நிமிட நிலவரம் வேண்டும் என்பவர்களுக்குத் தனித் திரைகள் உண்டு. அவற்றில் 'நோலாக்' இல்லை. தரவுத்தளத்தில் ஸ்னாப்ஷாட் முறையில், அதாவது கடைசியாக உறுதியான பதிவையே படிக்கும் அமைப்பை இயக்கிவிட்டோம். எழுதுபவரும் படிப்பவரும் ஒருவரையொருவர் மறிப்பதில்லை. சர்வரின் தற்காலிகத் தரவுத்தளமான டெம்ப்டிபி கூடுதலாக இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, அறிக்கை வெளியே போகும் முன் ஒரு சோதனை. தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு ஆகியவை கிடங்குவாரியாக ஒத்துப்போக வேண்டும் என்பது எல்லோரும் பார்ப்பது. எங்கள் தொழிலில் இன்னொன்றும் உண்டு. அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும்போது நூறு கிலோவுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோவும் புழுங்கலரிசி என்றால் 68 கிலோவும் திருப்பித் தர வேண்டும். எந்த ஆலையின் கணக்காவது இதிலிருந்து கண்ணில் படும்படி விலகினால் அறிக்கை நின்றுவிடும். 'இன்று தாமதம், காரணம் இது' என்ற செய்தி மட்டும் போகும். இதில் அதிகம் சிக்குவது மூட்டைக் கணக்கு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து வருவது 40 கிலோ சிப்பம். வியாபாரியிடம் வாங்கினால் 60 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். எடைமேடைக்குப் புதிதாக வரும் பையன் இரண்டையும் மூட்டை என்றே ஏற்றிவிடுவான். கிலோவில் எடை இல்லாத வரிசையை அறிக்கைப் பிரதி இப்போது ஏற்பதில்லை. தனியாக ஒதுக்கிவைத்து அதே கணக்குப்பிள்ளைக்குக் காட்டுகிறது.

'காசு கொடுத்து வாங்கிய சாமான் வேலைநிறுத்தம் செய்கிறதா?' என்று முதலாளி கேட்டார். நான் சொன்னேன்: வராத அறிக்கைக்கு உடனே தொலைபேசி வரும். தவறான அறிக்கைக்கு வராது. அதை நம்பி லோடு கிளம்பிப் போய், பாக்கிக் கணக்கு முடிக்கும் நாளில்தான் தெரியும். அவரும் வியாபாரிதான், புரிந்துகொண்டார்.

ஓடம்போக்கி | திருவாரூர், உரம் - விதை விநியோகம்

அரசலாறு அண்ணன் சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டி ஒரு தவறு எங்களிடம் வெளியே போனது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் நாகப்பட்டினம் மாவட்ட விற்பனை ஒரே ஆண்டில் சரிந்துவிட்டதாக அறிக்கை சொன்னது. தலைமை அலுவலகம் அங்கிருந்த விற்பனை அதிகாரியிடம் விளக்கம் கேட்டுக் கடிதமே அனுப்பிவிட்டது. பாவம், மனிதர் வழக்கம்போல விற்றிருந்தார்.

2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மயிலாடுதுறை, சீர்காழி, குத்தாலம், தரங்கம்பாடி வட்டங்கள் நாகையிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தன. எங்கள் மாதத் தொகுப்பில் பழைய மாதங்கள் பழைய மாவட்டப் பெயரிலேயே கிடந்தன. புதிய மாதங்கள் மட்டும் பிரிந்து விழுந்தன. அதற்காக எல்லாப் பழைய வரிசைகளிலும் பெயரை மாற்றிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் தணிக்கையாளர் கையெழுத்திட்ட சென்ற ஆண்டு அறிக்கையோடு இன்றைய எண் ஒத்துப்போகாது.

எனவே வட்டத்தை அடிப்படை அலகாக வைத்தோம். எந்த வட்டம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது தனி அட்டவணை. அறிக்கையைத் திறப்பவர் 'அன்றைய எல்லை', 'இன்றைய எல்லை' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் பகுதிக்கு இது புதிதா என்ன? 1991இல் தஞ்சாவூரிலிருந்து நாகை பிரிந்தது, 1997இல் திருவாரூர் தனி மாவட்டமானது. இனியும் பிரியாது என்று எழுதிக்கொடுப்பவர் யார்?

ஆண்டும் அப்படித்தான். கணக்குப் பிரிவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். நெல் கொள்முதல் பருவம் வழக்கப்படி அக்டோபரில் தொடங்கும். குறுவைக்காகச் சில ஆண்டுகளாக செப்டம்பரிலேயே தொடங்க அனுமதி கிடைக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் (பயிர்ப் பதிவேடு) பசலி ஆண்டு, ஜூலை முதல் ஜூன். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. 'இந்த ஆண்டு' என்று மேலாளர் கேட்டால் எந்த ஆண்டு? ஒவ்வொரு தேதிக்கும் இந்த மூன்றையும், குறுவை, சம்பா, தாளடி என்ற பட்டத்தையும் குறித்த நாள்காட்டி அட்டவணை ஒன்று வைத்துவிட்டால் ஒவ்வொரு வினவலிலும் தேதிக் கணக்கு எழுத வேண்டியதில்லை.

வெட்டாறு | நாகப்பட்டினம், கடலுணவு ஏற்றுமதி

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் சர்வர் நனையவில்லை, உடையவில்லை. ஆனால் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கைக் காப்பாற்றுவதா, சர்வர் அறையைக் காப்பாற்றுவதா என்றால் இறால்தான் முதலில். ஆகவே திருச்சியில் வேறொரு சர்வரில் எல்லாவற்றையும் மீட்டெடுப்பது என்று முடிவானது.

தரவுத்தள பேக்அப் நல்லபடியாக ஏறியது. அறிக்கை வடிவங்களும் வந்தன. ஆனால் ஓர் அறிக்கையும் ஓடவில்லை. ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், தரவுமூலங்களின் கடவுச்சொற்களை ஒரு குறியாக்கச் சாவியால் பூட்டி வைத்திருக்கிறது. அந்தச் சாவி தரவுத்தள பேக்அப்போடு தானாக வராது. தனியாக எடுத்து, அதற்கொரு கடவுச்சொல் வைத்து, வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். அமைப்பை முதலில் நிறுவிய ஒப்பந்தக்காரர் அதை எடுக்கவே இல்லை. சாவி இல்லாவிட்டால் ஒரே வழி, பூட்டியிருக்கும் தகவலை அழித்துவிட்டு ஒவ்வொரு தரவுமூலத்துக்கும் கடவுச்சொல்லை மறுபடி கொடுப்பது, தானாக மின்னஞ்சலில் போகும் அறிக்கைகளைத் திரும்ப அமைப்பது. யார் யாருக்கு எது போக வேண்டும் என்ற பட்டியலும் அந்த சர்வருக்குள்தான் இருந்தது. செல்பேசித் தொடர்பும் இல்லாத நேரத்தில் கொச்சிக்கும் சென்னைக்கும் கேட்டுக்கேட்டு எழுதினோம்.

இப்போது சாவியின் பிரதி நாகையிலும் திருச்சியிலும் இருக்கிறது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், திருச்சியில் வெற்று சர்வர் ஒன்றில் முழுதாக மீட்டுப் பார்க்கிறோம். அறிக்கை திறந்து எண் ஒத்துப்போனால்தான் மீட்பு முடிந்ததாகக் கணக்கு. பேக்அப் வேலை 'வெற்றி' என்று காட்டுவதை நான் பொருட்படுத்துவதே இல்லை.

பாமணியாறு | மன்னார்குடி, பால் கொள்முதல்

சிறிய விஷயம், ஆனால் பட்டுவாடா நாளில் பெரிய விஷயம். எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 5.30க்கு முன் ஊற்றிய பால் முழுவதும் முந்தைய தேதியில் விழுந்தது. கறவைக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஐந்து மணிக்கே கேனோடு நிற்பார்கள். மாத மொத்தத்தில் இந்தப் பிழை தெரியவே தெரியாது, தினக்கணக்கில்தான் தெரியும். இந்திய நேரத்துக்கு மாற்றித் தேதி எடுப்பதோடு, காலைப் பால், மாலைப் பால் என்று நேரத்தையும் தேதியையும் பதிவின்போதே தனிப் புலமாக எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று: அறிக்கைக்கென்று துணை சர்வர் (முதன்மை சர்வரின் மாற்றங்களைத் தொடர்ந்து ஏற்கும் பிரதி) வைத்தால், நீண்ட வினவல்கள் பாதியில் அறுபடலாம். வினவலோடு மோதும் மாற்றங்களை ஏற்காமல் அது சாதாரணமாக 30 வினாடிதான் காத்திருக்கும், பிறகு வினவலை நிறுத்திவிடும். அந்த அவகாசத்தைக் கூட்டலாம். கூட்டினால் தரவு பின்தங்கும். நாங்கள் பட்டுவாடா அறிக்கைக்கு மட்டும் கூட்டிய ஒரு துணை சர்வரை ஒதுக்கினோம்.

குடமுருட்டி | தஞ்சாவூர், கணக்குத் துறை

தம்பிகளே, நான் அறிக்கை தயாரிப்பவன் அல்லன், படிப்பவன். எங்கள் கணினிப் பிரிவு ஒருமுறை 'பயன்படாத அறிக்கைகளை நீக்குகிறோம்' என்று கிளம்பியது. நல்ல எண்ணம்தான்; பரணில் சேர்ந்த பழைய சாமான் போல அவ்வளவு கிடந்தன. யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பதிவேடு, யாரும் மாற்றியமைக்காவிட்டால், 60 நாள் விவரத்தைத்தான் வைத்திருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பாவும் தாளடியும் ஜனவரிக்கு மேல். மே மாதத்தில் பார்த்தால் பாதி கொள்முதல் அறிக்கைகளைத் தொட்டவர் ஒருவரும் இருக்க மாட்டார். பட்டியலை நான் பார்த்தபோது குறுவை முன்பண அறிக்கை முதல் பக்கத்திலேயே இருந்தது. தடுத்தேன். இப்போது பதிவேட்டை மாதாமாதம் தனி அட்டவணைக்குப் பெயர்த்து வைக்கிறார்கள். ஒரு முழு ஆண்டு பார்க்காமல் எதையும் நீக்குவதில்லை.

எக்செல் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். பழைய கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் நிற்காது. 2020இல் இங்கிலாந்தில் கொரோனா தொற்றுக் கணக்கில் 15,841 பேர் விடுபட்டது இந்த வரம்பால்தான். எங்கள் கோப்புகளின் கடைசி வரியில் இப்போது மொத்த வரிசை எண்ணிக்கை அச்சாகிறது. நான் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஓடம்போக்கி

ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் இனி இல்லை என்கிறார்களே, இப்போது புதிதாகத் தொடங்குபவர் என்ன செய்வது?

அரசலாறு

எஸ்க்யூஎல் சர்வர் 2025இலிருந்து அதற்குப் புதிய பதிப்பு வராது. அந்த இடத்துக்குப் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வரைச் சொல்கிறார்கள். 2022 பதிப்புக்கு 2033 ஜனவரிவரை ஆதரவு உண்டு. பழைய பக்கவடிவ அறிக்கைகள் புதியதிலும் ஓடும் என்பதால் அவசரமில்லை. புதிதாகத் தொடங்குபவர் நேரே அதற்கே போகலாம். எதற்குப் போனாலும், வெட்டாறு சொன்ன சாவியின் பிரதியை நிறுவிய அன்றே எடுத்துவிடுங்கள்.