செராமிக் கில்ன்ல (மண்பாண்டம் சுடுற சூளை) கண்ணாடி ஃபியூசிங் (துண்டுகள சூட்டுல உருக்கி ஒட்டுறது) பண்ணலாமா?

மண்பாண்டத்துக்கு வாங்குன எலக்ட்ரிக் கில்ன் இருக்கு, போன வாரம் அதுல ரெண்டு ஜன்னல் கண்ணாடி துண்ட அடுக்கி வெச்சு பாத்தேன், நல்லாத்தான் ஒட்டுச்சு ஆனா காலைல தொறந்தா நடுவுல விரிசல், அடியில ஷெல்ஃபோடவும் ஒட்டிக்கிச்சு. என்னென்ன வாங்கணும்?

பதில் 1:
பண்ணலாம். ஆனா அதுல சூடேத்துற காயில் சைடுல இருக்கும், ஓரம் சீக்கிரம் சூடாகும், அதனால மெதுவா ஏத்துங்க. ஷெல்ஃபுக்கு கில்ன் வாஷ் (கண்ணாடி ஒட்டாம இருக்க அடிக்கிற பூச்சு) நாலஞ்சு கோட், குறுக்கும் நெடுக்குமா அடிச்சு நல்லா காய விடுங்க.

பதில் 2:
விரிசல் அனீலிங் (கண்ணாடிய மெதுவா ஆற விடுறது) கோளாறு மாதிரி இருக்கு. ஜன்னல் கண்ணாடின்னா 550 டிகிரி செல்சியஸ் கிட்ட ஒரு மணி நேரமாவது நிறுத்தி அப்புறம் மெதுவா இறக்கணும். முதல்ல சூட்ட தானா கட்டுப்படுத்துற டிஜிட்டல் கன்ட்ரோலர் வாங்குங்க, மத்ததெல்லாம் அப்புறம். கலர் கண்ணாடி வாங்குனா சிஓஇ (சூட்டுல கண்ணாடி எவ்ளோ விரியும்ங்கிற அளவு) 90, 96 ரெண்டையும் கலக்காதீங்க, எனக்கு ஒரு தட்டே போச்சு.

கேட்டவர்:
கன்ட்ரோலர் இல்லண்ணா, ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு தூங்கிட்டேன் 😅