லண்டன் நாடக அரங்குகளில் குறைந்த விலையில் டிக்கெட் பெற வழியுண்டா?

மருதநிலத்தாள்:
வணக்கம். ஆகஸ்ட் மாதம் நானும் என் கணவரும் லண்டனில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறோம். எங்கள் ஒன்பது வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் ஓர் இசை நாடகமும், முடிந்தால் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றும் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் இணையத்தில் நல்ல இருக்கைகளின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மகளைத் தொந்தரவு செய்யாமல் நாங்களே வாங்கக்கூடிய வழிகளைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தேம்ஸ்கரையான்:
அம்மா, நீங்கள் செல்வது ஆகஸ்ட் என்பதே பெரிய வசதி. அம்மாதத்தில் 'கிட்ஸ் வீக்' என்ற திட்டம் நடக்கும். பெயரில் வாரம் என்றிருந்தாலும் மாதம் முழுவதும் நீள்கிறது. அதில் சேர்ந்துள்ள நாடகங்களுக்கு, முழு விலை கொடுக்கும் பெரியவர் ஒருவருடன் வரும் குழந்தைக்கு டிக்கெட் இலவசம். முன்பதிவு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், ஊரிலிருந்து புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள்.

பெரியவர்கள் மட்டும் போவதானால் லெஸ்டர் சதுக்கத்தில் உள்ள டி.கே.டி.எஸ். சாவடிக்குச் செல்லலாம். லண்டன் நாடக அரங்குகளின் சங்கமே 1980 முதல் நடத்தும் இந்தச் சாவடியில், விற்காமல் எஞ்சிய டிக்கெட்டுகள் தள்ளுபடியில் கிடைக்கும். சுற்றியுள்ள தெருக்களில் 'பாதி விலை' என்று பலகை வைத்த தனியார் கடைகளும் உண்டு. சங்கத்தின் சாவடி சதுக்கத்துக்குள்ளேயே தனிக் கட்டடமாக நிற்பது.

மாடிப்படி:
விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். நம் ஊர்த் திரையரங்குகளில் பால்கனிக்குத்தான் மதிப்பு. வெஸ்ட் எண்டில் நேர்மாறாக, உச்சியில் உள்ள பால்கனிதான் பெரும்பாலும் மலிவு. அந்த அரங்குகளில் பலவும் நூறாண்டைத் தாண்டியவை என்பதால் மேலடுக்குகளுக்குச் செங்குத்தான படிகளில் ஏற வேண்டியிருக்கும். முழங்காலை நீட்ட இடமிருக்காது. சில இருக்கைகளுக்கு முன்னால் மேல்தளத்தைத் தாங்கும் இரும்புத் தூண் நிற்கும். அத்தகைய இருக்கைகளை 'ரெஸ்ட்ரிக்டட் வியூ' என்று குறித்தே விற்பார்கள். மூட்டுவலி இருந்தால், மேடைக்கு எதிரே கீழ்த்தளத்தில் அமைந்த 'ஸ்டால்ஸ்' பகுதியையே கேளுங்கள். வெள்ளி, சனியைத் தவிர்த்து வார நடுவில் போனால் அதுவும் சற்று இறங்கிய விலைக்குக் கிடைக்கும்.

முற்றத்து ரசிகன்:
ஷேக்ஸ்பியருக்கு, 1997-இல் திறக்கப்பட்ட குளோப் அரங்கை விட்டுவிடாதீர்கள். கூரையற்ற நடு முற்றத்தில் ஏறத்தாழ 700 பேர் நின்று பார்க்கலாம். அந்த டிக்கெட்டைப் பல ஆண்டுகள் 5 பவுண்டுக்கே விற்றார்கள். இன்றும் அரங்கிலேயே மலிவானது அதுதான். மழை பெய்தாலும் நாடகம் நிற்காது, குடை விரிக்கவும் அனுமதியில்லை என்பதால் மழைச்சட்டை அவசியம். நாடகம் நடக்கும்போது தரையில் உட்காரவும் விடமாட்டார்கள். முற்றத்தின் விளிம்பில் மேடையைத் தொடும் தூரத்தில் நின்று பார்க்கும் அனுபவம் எந்த உயர்ந்த இருக்கையிலும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

நேஷனல் தியேட்டரில் வெள்ளிக்கிழமை பகல் 1 மணிக்கு, அடுத்த வார நாடகங்களுக்கான 10 பவுண்டு டிக்கெட்டுகளை இணையத்தில் வெளியிடும் 'ஃப்ரைடே ரஷ்' என்ற ஏற்பாடும் உண்டு.

மருதநிலத்தாள்:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இசை நாடகத்துக்குக் 'கிட்ஸ் வீக்' வழியாக வார நடுவில் ஸ்டால்ஸ் இருக்கை தேடுகிறேன். குளோப்பில் நானும் பேரனும் நின்றுகொள்வோம். என் கணவரால் நெடுநேரம் நிற்க இயலாது. அவர் மட்டும் அமர்ந்து பார்க்க முடியுமா?

முற்றத்து ரசிகன்:
தாராளமாக முடியும் அம்மா. முற்றத்தைச் சுற்றியுள்ள மாடங்களில் மர பெஞ்சுகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் முதுகுச் சாய்வு கிடையாது. ஆகவே ஐயாவுக்குக் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்துகொள்ளும்படியான இடம் கேளுங்கள், வாடகைக்குக் கிடைக்கும் மெத்தையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.